என் தோஸ்தும் கழுத்தில் தொங்கும் சின்ன வீடும்

எனக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் தெரிந்துகொண்டு யாராவது "ஐயோ பாவம்" என்பார்கள். எழுதுகிற எனக்கு மூடு போய்விடும். பிறவியிலேயே அப்படி இல்லை. மீசை முளைக்கிற வயதில் மாலைக்கண் என்று ஆரம்பித்தது. ஓரமெல்லாம் மங்கி, நடுவில் ஒரு வளையல் அளவு வெளிச்சம் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்து, கல்யாணத்துக்கு முன்பே அதுவும் அணைந்துபோனது. அதனால் என் மனைவியை நான் பார்த்ததில்லை. அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பார்வைக் கோளாறு என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அந்தக் காலத்து வடசென்னையில் கண் தெரியாதவன் வழி தவறுவதற்கு வாய்ப்பே கிடையாது. நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில். ராயபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் போதும், கண்டக்டர் கத்தவே வேண்டாம். ஊரே நாறிக் காட்டிக்கொடுக்கும். மீன் கவிச்சி அடித்தால் காசிமேடு. பெட்ரோல் வாடை வந்தால் தண்டையார்பேட்டை. பிறகு சோப்பு வேகிற மாதிரி ஒன்று. அதற்கப்புறம் அழுகின முட்டையைக் கரியில் போட்டு வதக்கின மாதிரி ஒன்று வரும். அந்த வாடை வந்ததும் எழுந்து நின்றால், சரியாக என் கம்பெனி வாசல். ஒருமுறை ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. எண்ணூர் வரைக்கும் போய்விட்டேன். தாமதத்துக்குக் காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம் "மூக்கடைப்பு சார்" என்றேன். அவர் கடைசி வரைக்கும் நம்பவில்லை.

இப்போது அந்தக் கம்பெனிகளில் பாதி மூடிக்கிடக்கிறது. மிச்சம் இருப்பவை முன்னளவு நாறுவதில்லை. மூச்சு விடுகிறவர்களுக்கு நல்லதுதான். எனக்கு மட்டும் ஊர் காணாமல் போய்விட்டது.

பஸ்ஸுக்கு மூக்கு போதும். நடப்பதற்குப் போதாதே! அதற்கு என் தோஸ்து இருந்தான். காசிமேட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம். நான் டெலிபோன் போர்டுக்குப் போனேன். அவன் விசைப்படகுக்குப் போய் டிரைவர் ஆனான். அவன் கடலுக்குப் போகாத நாளெல்லாம் என் கை அவன் தோளில் இருக்கும். மீன் எண்ணெயும் பீடியும் கலந்த அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு நான் போகாத தெரு ராயபுரத்தில் கிடையாது.

தூரத்தை அவன் கடல்காரன் கணக்கில்தான் சொல்லுவான். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அவன் அப்பா காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் விட்டு, இங்கே இத்தனை பாகம் தண்ணீர் என்று அளப்பார்கள். அந்த அளவை இவன் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"மாமு, ஒரு பாகத்துல ஆட்டோ நிக்குது, எடது பக்கம் வா. ம்ம்... அரை பாகத்துல சாக்கடை. தாண்டு!"

நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டுவேன். கால் வைக்கிற இடமும், கால் எடுத்த இடமும் ஒரே தரையாக இருக்கும். சாக்கடையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தெருவே சிரிக்கும்.

"ஏன்டா கஸ்மாலம், இன்னாடா வெளாட்டு இது?"

"ஒடம்பு எளைக்கட்டும்னு தான் மாமு. நாள் பூரா குந்திகினு அலோ அலோன்னு கீற, தொப்பை போட்டுடும்."

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஒரு பெரியவரின் சாவுக்குப் போயிருந்தோம். பாடையின் பக்கத்தில் நடக்கும்போது காதோடு சொல்லிக்கொண்டே வந்தான்: "குனி மாமு, வேப்பங்கெளை. இன்னும் குனி. அப்பால ஒண்ணு வருது, குனி." நான் பாடையைப் பார்த்துக் குனிந்து குனிந்து நடந்தேன். அங்கே மரமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. செத்தவரின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா மேல இவ்ளோ மரியாதையா அண்ணே?" என்று அழுதான். நானும் அழுதேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் தாண்டிய பள்ளமெல்லாம் அவன் வாயால் வெட்டிய பள்ளம். நிஜப் பள்ளம் ஒன்றில்கூட அவன் என்னை விட்டதில்லை. ஒருமுறை மழைத் தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத சாக்கடைக்குழி ஒன்று இருந்தது. பேச்சே இல்லாமல், மூட்டையைத் தூக்குகிற மாதிரி இடுப்பைப் பிடித்து என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான்.

இப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன வருஷம் பெங்களூரில் இருக்கும் என் மகள் புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழையதை எனக்கு அனுப்பினாள். பழையது என்றாலும் விலை உயர்ந்த ஜாதி. அதன் முதுகில், கேமராவுக்குப் பக்கத்தில், பொட்டு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் புறப்பட்டுப் போய், எதிரில் இருப்பதன் மேல் பட்டுத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துப் போன் தூரத்தைச் சொல்லிவிடும். கழுத்தில் ஒரு பட்டை போட்டு நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டால், ஒரு பெண் குரல் பேசும்: "நபர். நான்கு அடி. நபர். மூன்று அடி. கதவு. ஐந்து அடி. மூடியுள்ளது."

அவள் பேசுவது ராயபுரத்தில் யாரும் பேசாத தமிழ். முதல் நாள் தோஸ்து காதை என் நெஞ்சருகே கொண்டுவந்து கேட்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"யாரு மாமு இவ? நியூஸ் படிக்கறவ மாரி கீறா. நெஞ்சுல வேற படுத்துகினு கீறா. சின்ன வூடா?"

அன்றிலிருந்து அதன் பெயர் அதுதான். என் மனைவியே, "உங்க சின்ன வீட்டுக்கு சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மணமாகி இத்தனை வருஷத்தில் நான் வெளியே எங்கே இருக்கிறேன் என்று அவள் கவலைப்படாமல் இருந்தது அந்தச் சின்ன வீடு வந்த பிறகுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி அவனை அசத்தலாம் என்று பார்த்தேன். அவன் அசரவில்லை.

"அட, இது எங்க போட்டுல கீற எக்கோ மாமு! சத்தம் கீழ போயி, தரையில பட்டு மேல வரும். அத்த வச்சு ஆழம் காட்டும். ஒனக்கு சத்தத்துக்குப் பதிலா வெளிச்சம். இதுக்கா இவ்ளோ பீலா வுட்ற?"

பீலாவோ என்னவோ, எனக்கு உதவியது. வெள்ளைக்குச்சி இருக்கிறதே என்பீர்கள். குச்சி தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற அம்மாள் நகர்ந்துவிட்டாளா என்று அறிய அவள் கணுக்காலைக் குச்சியால் தட்ட வேண்டும். இந்த வயதில் அது தேவையா? சின்ன வீடு தொடாமலே சொல்லுவாள். இரண்டு அடி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஐந்து அடி என்றால் வரிசை நகர்ந்துவிட்டது என்று பொருள். நான் கௌரவமாக மூன்று அடி எடுத்து வைப்பேன். ஷேர் ஆட்டோவில் காலி இடம் எது, டீக்கடையில் என் எதிரில் ஆள் இருக்கிறாரா, இல்லை நான் இவ்வளவு நேரம் அரசியல் பேசியது காலி பெஞ்சோடா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பதினைந்து, பதினாறு அடிக்கு மேல் அவளுக்கு எட்டாது. தரையில் இருக்கும் பள்ளமும் அவளுக்கு வராது, அதற்குக் குச்சிதான். அரை மணி பேசினால் உடம்பு சூடாகிவிடும், நெஞ்சில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி. யாரிடம்தான் குறை இல்லை?

அவள் என்னைக் கவிழ்த்த கதையும் உண்டு. ஒரு காலை டீக்கடைக்குப் போகும் வழியில், "நபர். மூன்று அடி" என்றாள். நின்றேன். ஆள் நகரவில்லை. "அண்ணே, கொஞ்சம் வழி வுடுங்க" என்றேன். பதில் இல்லை. ஓரமாகப் போகப் பார்த்தேன், அங்கேயும் நபர். "இன்னா அண்ணே, கண்ணு தெரியாதவன் வர்றது தெரியலையா? அப்பிடி இன்னா ரோட்டுல புடுங்கறீங்க?" என்று குரலை உயர்த்தி, குச்சியால் லேசாக ஒரு தட்டு தட்டினேன். படபடவென்று சத்தம் வந்தது. டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "பெருசு, அவுரு மேல கோவப்படாதீங்க. அவுருக்கு இன்னிக்கு காரியம்."

ஆளுயரக் கண்ணீர் அஞ்சலி பேனர்! தெருவை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பிறந்தாலும் பேனர், காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். இந்தப் போனைச் செய்தவர்களுக்கு எங்கள் பேனர் விவரம் தெரிந்திருக்காது. சின்ன வீட்டுக்கு அந்தப் போட்டோக்காரர் உயிரோடு கை கூப்பி நிற்கிறவராகத் தெரிந்திருக்கிறார். தோஸ்து அந்தச் செய்தியைக் காசிமேடு முழுக்கக் கொண்டுசேர்த்தான். பிறகு எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், "நீ பேசிப் பாரேன் மாமு, ஒன் பேச்சுக்கு எழுந்துப்பாரு" என்பான்.

அவன் எல்லாத் தெருவுக்கும் செய்தி கொண்டுபோனது மொபெட்டில். அதைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. முதுகு வலி தாங்காமல் படகிலிருந்து இறங்கினவன், மறுநாளே ஒரு பழைய மொபெட்டில் ஏறிவிட்டான். துறைமுகத்துக்குப் போய் யார் படகு வந்தது, எவ்வளவு மீன் என்று விசாரிப்பான். பேத்தியைப் பார்க்க நெட்டுக்குப்பம் போவான். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரைக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரி. நான் மடக்கிய குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளப் பார்த்தால், "மடக்காத மாமு, நல்லா நீட்டிப் புடி" என்பான். ஏன் என்று நான் கேட்டதில்லை. முகத்தில் உப்புக்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அவனுடைய பழைய விளையாட்டு திரும்பி வந்தது. "நேரா வா மாமு, ரோடு காலி" என்றான். சின்ன வீட்டில் சார்ஜ் இல்லாத நாள் அது. நேராகப் போனேன். ஐஸ் ஏற்றிய மூன்று சக்கர வண்டியில் முட்டிக்கொண்டேன். அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இன்னொரு நாள் டீக்கடை பெஞ்சு என்று சொல்லி, பால் கேனின் மேல் உட்கார வைத்தான். மறுபடி ஒரு நாள், "படி இல்ல, சமமா கீது" என்றான். படி இருந்தது.

சின்ன வீடு கழுத்தில் இருக்கும் நாட்களில் அவள் ஒன்று சொல்வாள், அவன் வேறு சொல்வான். நான் அவளை அணைத்துவிட்டு அவன் சொன்ன பக்கம் நடப்பேன். முட்டிக்கொள்வேன் என்று தெரிந்தே நடப்பேன். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்த வயதில் ஒருவன் நம்மை ஏமாற்ற இவ்வளவு மெனக்கெடுகிறான் என்றால், அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மனைவியிடம், "அவன் இன்னும் மாறவே இல்லடி" என்று பெருமையாகச் சொன்னேன்.

பிறகு பாய் வீட்டுக் கல்யாணம் வந்தது. வண்ணாரப்பேட்டையில் எங்கள் இருவருக்கும் பழக்கமான பழைய இரும்புக்கடை பாய். அவருடைய கடைசி மகளுக்கு. மண்டபம் திருவொற்றியூரில். மொபெட்டில்தான் போனோம். போகிற வழியில் லாரி ஹாரன் வழக்கத்தைவிட நிறையக் கேட்டது. கல்யாண நாள், கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரியாணிக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். பந்தி வாசலில் கூட்டம் சேருமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும். இதில் தோஸ்து மன்னன். அன்றும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

"வா மாமு, வா மாமு, கதவு தொறந்து கீது. ஒரு பய இல்ல. பூந்துடலாம்."

"கதவு. மூன்று அடி. மூடியுள்ளது," என்றாள் சின்ன வீடு.

சரி, மறுபடியும் விளையாட்டு என்று நான் சிரித்துக்கொண்டே கொஞ்சம் பின்தங்கினேன். அடுத்த நொடி 'டமால்' என்று ஒரு சத்தம். முட்டிக்கொண்டது நான் இல்லை. அவன்! நெற்றியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து, "முதல் பந்தி ஓடிகினு கீது, அப்பால வாங்க" என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்தவனை ஏமாற்றுகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் மண்டையையே முட்டிக்கொண்டு ஏமாற்றுகிறவன் கிடையாது. ஐஸ் வண்டி, பால் கேன், படி எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. அவன் என்னை ஏமாற்றியதே இல்லை. அவனுக்குத் தெரியவில்லை. முட்டிக்கொண்டது நான், சிரித்துச் சமாளித்தது அவன், பெருமைப்பட்டது மறுபடி நான்.

இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தோம். கவலையில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரே எண்ணம்: இவன் இப்போது என்னை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறான். நான் ஏறாவிட்டால் தனியாக ஓட்டிக்கொண்டு போவான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. யாராவது அவனிடம் சொல்லியாக வேண்டும். அந்த யாராவது நானாகத்தான் இருக்க வேண்டும். அவனுடைய வண்டியை அவனிடமிருந்து பிடுங்குவதும், அவன் கையை வெட்டித் தரச்சொல்லிக் கேட்பதும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது.

மண்டபத்துக்குப் பின்னால் காலி மைதானம். வண்டிகளெல்லாம் அங்கே. அவன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

"ஏறு மாமு."

"ஏறல."

"ஏன், வவுத்துல எடமில்லையா, சீட்டுல எடமில்லையா?"

"நீ எறங்கு மொதல்ல."

"இன்னாடா பேஜாரு பண்ற? வெயில்ல நிக்க வச்சிகினு."

நான் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "எத்தினி வெரலு?"

"போடா டேய். நீ எனக்கு டெஸ்டு வைக்கிறியா? நல்ல கூத்து."

"எத்தினி?"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "ரெண்டு," என்றான்.

நான் நீட்டியது போன். விரலே இல்லை.

சின்ன வீட்டையே அவன் கைக்குள் வைத்தேன். தடவிப் பார்த்தான். வண்டியை அணைத்தான். தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனடித்துக்கொண்டு போனது.

"சக்கரை மாமு," என்றான். "எடது கண்ணுல நட்ட நடுவுல தார் ஊத்துன மாரி கறுப்பா நிக்குது. வலது கண்ணுல நூல் நூலா எதுவோ தொங்கிகினு கீது. ஓரமா பாத்தா ஆளு தெரியுது, நேரா பாத்தா மறைஞ்சுடறான்."

"வூட்ல சொன்னியா?"

"சொன்னா சாவிய புடுங்கிப்பாங்க."

"டாக்டரு?"

"அவனும் அத்தயே தானே சொல்லுவான்."

"அப்ப என்னை இன்னாத்துக்குடா பின்னாடி ஏத்திகினு போன? சாவறதுக்கு தொணைக்கா?"

"அய்ய, அதுக்கில்ல மாமு." குரல் இறங்கியது. "நீ பின்னாடி கீறன்னா, வெள்ளக் குச்சிய பாத்துட்டு லாரிக்காரன் ஒதுங்கிப் போறான்."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வந்தது சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்புக்காற்று வாங்கிக்கொண்டு நான் போனது நண்பனாக இல்லை, சைரனாக. குச்சியை நீட்டிப் பிடிக்கச் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. கண் தெரியாதவன் ஓட்டுகிற வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு இன்னொரு கண் தெரியாதவன். நான் சிரிக்க, அவனும் சிரிக்க, கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் நிறுத்திவிட்டான்.

"கடலு போச்சு," என்றான். "இதுவும் போச்சுன்னா வூட்டுல குந்திகினு சீரியல் பாக்கணும். அதுக்கும் கண்ணு வேணும் மாமு."

அதற்கும் அவனே ஒரு யோசனை வைத்திருந்தான்.

"ஒண்ணு பண்ணலாம். சின்ன வூட்ட எந்தோளு மேல நீட்டிப் புடி. அவ சொல்லச் சொல்ல நான் ஓட்றேன். எக்கோ பாத்து போட்டு ஓட்டுனவன்டா நான்."

இது ஆகாது என்று எனக்குத் தெரியும். அவள் நடக்கிறவர்களுக்காகப் பிறந்தவள்; பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு உலகமே இல்லை. ஆனால் ஆகாது என்று நான் சொல்வதைவிட அவளே சொல்லட்டும் என்று தோன்றியது. வண்டிகளுக்கு அப்பால் மைதானம் காலி என்று இருவருமே நம்பினோம். ஏறி உட்கார்ந்தேன். தோளுக்கு மேல் போனை நீட்டினேன். வண்டி நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போனது. அவள் "நபர்" என்றாள். "பத்து" என்றாள். "அடி" என்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே கிடந்தோம். நாற்காலி மழையாகப் பொழிந்தது. பிளாஸ்டிக் என்பதால் மானம் மட்டும்தான் அடிபட்டது.

வாடகை நாற்காலிக்காரர் ஓடி வந்தார். ஓரமாகத் தாவி நின்ற அந்த 'நபர்' அவர்தான்.

"இன்னா பெருசு, கண்ணு தெரியலையா?"

நான் வாயைத் திறக்குமுன், நாற்காலிகளுக்கு அடியிலிருந்து தோஸ்து சொன்னான்: "ஆமாம்பா. தெரியல."

வீட்டில் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, நான் போன் வைத்துப் பிடுங்க வேண்டியிருந்ததை, ஒரு நாற்காலிக்காரரிடம் தானாகச் சொல்லிவிட்டான். சொன்னதும் பெருமூச்சு ஒன்று விட்டான், வலை இழுத்து முடித்தவன் மாதிரி. அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, மேலே திட்டவில்லை. அவருடைய குட்டியானை லோடு வண்டி ராயபுரம் பக்கம்தான் போகிறது என்றார். நாற்காலிகளை ஏற்றினார், மேலே மொபெட்டைப் படுக்க வைத்தார், பக்கத்தில் எங்களை உட்கார வைத்தார்.

வண்டி போய்க்கொண்டிருந்தது. எந்த இடம் என்று அவனுக்கும் தெரியவில்லை, மூக்கு நன்றாக இருந்தும் எனக்கும் தெரியவில்லை. அவன் ஒரு கையால் மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே வந்தான், நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாதிரி. வழியில் ஒரே ஒரு முறை பேசினான்.

"அந்த சங்கு ஊதற கம்பெனி இருந்துச்சே மாமு, தாண்டிட்டமா?"

"சங்கு நின்னு எவ்ளோ வருஷம் ஆச்சு."

"அத்த சொல்லல. தாண்டிட்டமான்னு கேட்டேன்."

"தாண்டிருப்போம்," என்றேன்.

அவன் மனைவியிடம் நான்தான் சொன்னேன். அந்தத் தங்கச்சி முதலில் அவனைத் திட்டியது, பிறகு என்னை, பிறகு மொபெட்டை. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இடது கண்ணில் போனது போனதுதான், சர்க்கரையை அடக்கி, லேசரும் ஊசியும் விடாமல் போட்டுக்கொண்டால் வலது கண்ணில் இருப்பதை இருக்கிறபடி காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். தோஸ்து தலையாட்டினான். அவன் தலையாட்டலை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் வெளியே வந்ததும் சாவியை என் சட்டைப் பையில் போட்டான்.

"வூட்ல இருந்தா எடுத்துருவேன் மாமு. ஒங்கிட்ட இருந்தா தான் சேஃப்டி. நீயும் ஓட்ட முடியாது."

மொபெட்டும் எங்கள் சந்துக்கே வந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று அவன் மருமகன் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோஸ்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவான். நான் சாவியைக் கொடுப்பேன். மொபெட் எங்கள் வாசலில் பெரிய ஸ்டாண்டு போட்டு நிற்கும். ஸ்டாண்டை எடுக்காமலே அவன் ஏறி உட்கார்ந்து கிளப்புவான். பின் சக்கரம் தரையைத் தொடாமல் வேகமாகச் சுற்றும். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். அவன் முறுக்குவான், சந்தில் மாடு வந்தால் ஹாரன் அடிப்பான், வளைவு வரும்போது என்னையும் சேர்த்துச் சாய்வான். குச்சியை நீட்டச் சொல்வதில்லை.

போன வாரம் எதிர் வீட்டம்மா வாசல் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"எண்ணூரு வரைக்கும் தான். எதுனா வாங்கியாரணுமா?"

"நல்ல எறாவா கெடச்சா எடுத்தாங்க அண்ணே," என்றாள் அவள், சிரிக்காமல்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி வெளியே வந்தாள். "வீடு பூரா பொகை. இருமிச் சாவறேன். போதும், ரெண்டு பேரும் இறங்குங்க!"

தோஸ்து இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"இரு தங்கச்சி," என்றான், "திருவொத்தியூரே இன்னும் வர்ல."